காது ஆபீஸில் முதலாளி அழுதார்

பஞ்சுவுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். திறந்ததா, மூடியதா?

கடையில் கேட்டிருந்தால் கடைக்காரர் ஏதோ ஒன்றைக் கையில் திணித்து அனுப்பியிருப்பார். அவளுடைய போதாத காலம், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே ஏற்பட்ட ஒரு நிறுவனத்திடம் போய்க் கேட்கும்படி ஆயிற்று.

பஞ்சு என்பது அவளுடைய நிஜப் பெயர் அல்ல. பள்ளிக்கூட நாட்களில் வீடு நிறைய ஆட்கள் இரைந்துகொண்டிருக்க, அவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து படிப்பாள். அண்ணன் வைத்த பட்டம் அது. கல்யாணமாகி, ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவளுடைய வேலையும் காதை நம்பித்தான். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன கண்டோம், என்ன செய்ய வேண்டும் என்று ஒலிப்பதிவு செய்து வைப்பார்கள். அதை வீட்டிலிருந்தபடியே கேட்டு, தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். டாக்டர்களின் கையெழுத்தைப் பழிப்பவர்கள் அவர்களுடைய பேச்சைக் கேட்டதில்லை. ஒருவர் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவார். இன்னொருவர் படியேறிக்கொண்டே பேசுவார். நோயாளிக்கு மூச்சுத்திணறலா, டாக்டருக்கா என்று பிரித்தறிவது பெரும்பாடு.

இதில் மாடி வீட்டுக்காரர்கள் குளியலறையை இடித்துக் கட்டத் தொடங்கினார்கள். தலைக்கு மேல் டிரில் மிஷின் அலறியது. அந்த அலறலில் பஞ்சு ஒரு நோயாளியின் வலது முழங்காலை இடது முழங்காலாக எழுதி அனுப்பிவிட்டாள். அறுவை சிகிச்சை மேஜையில் படுத்திருந்த அந்த மனிதர், "அது நல்ல கால், தம்பி" என்று கடைசி நேரத்தில் சொல்லித் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் அம்மாள் போன் செய்தார்.

"இங்க பாரும்மா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால உன்னைக் காப்பாத்த முடியாது. அந்தாளுக்கு வாய் இருந்தது, பொழைச்சோம். கம்பெனியே உனக்கு உசத்தியான ஹெட்ஃபோன் ஒண்ணு வாங்கித் தரும். ஆனா திறந்த வகையா, மூடின வகையான்னு காது ஆபீஸ்ல கேட்டுக்கோ. அவங்க என்ன சொல்றாங்களோ அதைத்தான் வாங்குவோம். ரூல்ஸ் அப்படி."

பஞ்சுவின் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். நாள் முழுக்கப் பிறத்தியார் பிரேக் போடுவார்களா மாட்டார்களா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், வீட்டுக்கு வந்தால் எதையும் நிதானமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு வந்திருந்தது. அவன் விளக்கினான்.

"இதுல என்ன இருக்கு? மூடினதுல, காதுமேல உக்கார்ற அந்தக் கிண்ணம் இருக்கில்ல, அதுக்கு முதுகு அடைச்சிருக்கும். வெளிச்சத்தம் உள்ள வராது. திறந்ததுல முதுகுல சல்லடை. சத்தம் காத்தோட்டமா, நல்லா இயல்பா இருக்கும். ஆனா மாடி வீட்டு டிரில்லும் கூடவே வந்து பாடும்."

"அப்ப மூடினதுதான்."

"மூடினா முதலாளி கூப்பிடறதும் கேக்காதே?"

முதலாளி என்பது தவழத் தொடங்கியிருந்த அவர்களுடைய மகன். வீட்டிலுள்ள மற்ற இருவரும் அவனுக்காகத்தான் உழைத்தார்கள், அவன் விடுப்புக் கொடுத்தால்தான் தூங்கினார்கள், ஆகையால் அந்தப் பெயர். பஞ்சு வேலை செய்யும்போது பக்கத்து அறையில் தூங்குவான். விழித்தால் அலறுவான். அந்த அலறல் கேட்காமல் போனால் என்ன ஆவது?

"அப்ப எதைத்தாங்க வாங்கறது?"

"அதைத்தான் காது ஆபீஸ் சொல்லணும். நாம சொன்னா அபிப்பிராயம். அவங்க சொன்னா ஆராய்ச்சி."

அப்படித்தான் ஒரு காலை வேளையில், முதலாளியைத் தள்ளுவண்டியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, பஞ்சு உயர்நிலைக் கேட்பியல் ஒப்பீட்டுக் கழகத்தின் வாசலில் போய் நின்றாள். அந்த முழுப்பெயரை உச்சரித்தவர்கள் அதன் அதிகாரிகள் மட்டுமே. ஊருக்கு அது காது ஆபீஸ்.

கதவைத் தள்ளி உள்ளே போனதும் அவளுக்குத் தன் காது அடைத்துக்கொண்டதோ என்று சந்தேகம் வந்தது. அவ்வளவு அமைதி. தரை முழுக்கக் கம்பளம், சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. வரவேற்பில் இருந்த பெண் அவளைப் பார்த்து உதட்டை அசைத்தாள். பஞ்சு, "என்னங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் அதிர்ந்து போய், உதட்டில் விரலை வைத்து, மறு கையால் பக்கத்து அறையைக் காட்டினாள்.

அது காதாறும் அறை. தெருவிலிருந்து வருகிறவர்களின் காதில் ஹாரன், சந்தைக் கூச்சல், மாமியார் பேச்சு எல்லாம் படிந்திருக்குமாம். அவை ஆறி அடங்கும் வரை அங்கே உட்கார வேண்டும் என்பது கழகத்தின் விதி. ஏற்கெனவே அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முதலாளி அவரைப் பார்த்து "ப்பூ" என்றான். பெரியவர் கவலையோடு எழுந்து, "போச்சு, இனி முதல்லேருந்து ஆறணும்" என்று முணுமுணுத்தார்.

காது ஆறியதாக ஒருவர் வந்து தலையசைத்த பிறகு, பஞ்சுவைத் திறந்த பிரிவுக்கு அழைத்துப் போனார்கள்.

கழகத்தில் இரண்டு பிரிவுகள். ஒன்று திறந்த வகை ஹெட்ஃபோன்களுக்கு, மற்றொன்று மூடியவற்றுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை. இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கம் போவதில்லை. திறந்த பிரிவின் அதிகாரி ஓர் அம்மாள். அவருடைய அறைக்குக் கதவு கிடையாது. பேசும்போது கைகளை விரித்து விரித்துப் பேசியதால், எதிரில் உட்கார்ந்தவர்கள் அவ்வப்போது தலையைக் குனிய வேண்டியிருந்தது.

"வாங்க, வாங்க. கேளுங்க. சும்மா கேக்காதீங்க, அனுபவிங்க!"

பஞ்சுவின் தலையில் கனமில்லாத, சல்லடை முதுகு வைத்த ஒன்றை மாட்டினார்கள். ஹெட்ஃபோனில் ஒரு மணி ஒலித்தது. அது காதுக்குள் அடித்ததாகவே தோன்றவில்லை. ஒரு பெரிய கூடத்தின் மறுகோடியில் யாரோ அடிக்க, அந்த ஓசை நடந்து நடந்து இவளிடம் வந்து சேர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. அடுத்து இன்னொரு மணி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முதல் மணி மெல்ல மெல்லச் சாகும் வரை கேட்க வேண்டும், அதுதான் சோதனை.

"எப்படி இருந்தது?"

"நல்லா கேட்டுதுங்க."

அம்மாளின் முகம் வாடியது. "நல்லா கேட்டுதுங்கறது ஒரு சொல்லே இல்லை, மேடம். மேல் ஸ்தாயில ஒரு பனி இருந்ததே, கவனிச்சீங்களா? நடுவில பட்டு. ஓரத்தில மட்டும் லேசா ஒரு ஈரம். நான் அந்த ஈரத்தை ஏழு வருஷமா தேடி... வேண்டாம், நான் அழுதுடுவேன்."

பஞ்சு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எனக்குப் பேச்சுதாங்க கேக்கணும். டாக்டருங்க பேசறது. அப்படி ஏதாவது போட்டுக் காட்டறீங்களா?"

"பேச்சா? பேச்சு எங்ககிட்ட இல்லையே! பேச்சுன்னா அதுல கருத்து இருக்கும். கருத்து ஒலியைக் கெடுத்துடும். நாங்க கருத்தே இல்லாம பார்த்துக்கறோம்."

அடுத்தது மூடிய பிரிவு. அங்கே கதவுக்குள் கதவு, அதற்குள் கதவு. அதிகாரி கழுத்து வரை பொத்தான் போட்ட மனிதர். ரகசியம் சொல்வது போலக் கிசுகிசுத்தார். "அங்க என்ன சொன்னாங்க?"

"பனின்னாங்க சார். ஈரம்னாங்க."

"ஈரமாத்தான் இருக்கும். ஓட்டை இருந்தா ஒழுகாதா?"

மூடிய வகை கனமாக இருந்தது. தோல் உறை காதை அணைத்துக்கொண்டது. அதே மணி இப்போது மண்டைக்குள்ளேயே அடித்தது. கூடம் சுருங்கி ஓர் அறையாகிவிட்டது. அடித்தொனி கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. ஆனால் ஒலியின் ஒவ்வொரு ஓரமும் கைக்கு அகப்படுவது போல இருந்தது. டாக்டர்கள் இதற்குள் வந்து மென்றால்கூடப் புரியும் என்று அவளுக்குப் பட்டது. சற்று நேரத்தில் காது சூடாகி வியர்த்தது.

"சார், இதைப் போட்டுக்கிட்டா வெளிச்சத்தம் எவ்வளவு உள்ள வரும்? திறந்ததுல எவ்வளவு வரும்? அதைச் சொன்னா போதும், நான் கிளம்பிடுவேன்."

அதிகாரியின் முகத்தில் முதன்முறையாக ஒரு பெருமிதம் தெரிந்தது. "அதை நாங்க பல வருஷம் முன்னாடியே ஆராய்ஞ்சு முடிச்சாச்சும்மா. இரைச்சலுக்குன்னே ஒரு துணைக்குழு போட்டு, மார்க்கெட், ரயில்வே ஸ்டேஷன், மரம் அறுக்கற பட்டறை எல்லா இடத்துக்கும் போய் முதல் தரமான இரைச்சலைப் பதிவு பண்ணிட்டு வந்தாங்க."

"அப்புறம்?"

"அதை ரெண்டு வகை ஹெட்ஃபோன்லயும் போட்டுக் கேட்டோம். ரெண்டுலயும் இரைச்சல் ஒரே மாதிரி, ரொம்பத் தெளிவா உள்ள வந்தது. அதனால ரெண்டும் சமம்."

பஞ்சு அதை ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள்.

"சார்... இரைச்சலை ஹெட்ஃபோனுக்கு உள்ளேயே போட்டீங்களா? அது வெளியில இருந்துல்ல வரணும்?"

அதிகாரி எழுந்து, கதவைத் திறந்து, அதற்கு அடுத்த கதவைத் திறந்து, பஞ்சுவை நேரே தலைவரின் அறைக்கு அழைத்துப் போனார்.

தலைவர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்த பிறகும் கண்ணைத் திறக்காததால், தூங்கிவிட்டாரோ என்று நினைத்த நேரத்தில் பேசினார்.

"வெளியில இருந்து வர்ற இரைச்சல்னு சொல்றீங்க. கட்டடத்துக்குள்ள இரைச்சலே இருக்கக் கூடாதுங்கறது எங்க அடிப்படை விதி. வெளியில இருந்து எதையும் எடுத்துக்கறதும் எங்க வழக்கமில்லை, ஆலோசனைகூட எடுத்துக்கறதில்லை. அப்ப வெளி இரைச்சலுக்கு நான் எங்கம்மா போவேன்?"

தள்ளுவண்டியில் இருந்த முதலாளி இந்த இடத்தில் கையிலிருந்த கிலுகிலுப்பையைத் தலைவரின் மேஜை மேல் வீசினான். அது மேஜையில் பட்டு உருண்டு கீழே விழுந்தது. கழகத்தின் வரலாற்றில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. தலைவர் கண்ணைத் திறந்தார்.

"இது யாரு?"

"எங்க வீட்டு முதலாளிங்க. என் பையன்."

"அழுவானா?"

"அதைத்தான் சார் முழுநேரமா பண்றான்."

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். அன்று மத்தியானத்துக்குள், முதலாளி கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட வெளி இரைச்சலாக நியமிக்கப்பட்டான். கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள். அதை அவன் உடனே வாயில் போட்டுக்கொண்டான்.

சோதனை அறை தயாரானது. சுவரில் ஒலிமானி ஒன்று. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், பிறகு தானாக அணையாது. நடுவில் முதலாளியின் வண்டி. இரைச்சல் எழுந்ததும் ஹெட்ஃபோன் மாட்டியவர்களில் யாருக்குக் கேட்கிறதோ அவர் எழுந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் முதலாளி அழவில்லை.

வீட்டில் காக்கை கத்தினால் அழுகிறவன், குக்கர் கூவினால் அழுகிறவன், அம்மா முகம் கழுவப் போனால் உலகமே போய்விட்டதாக அழுகிறவன், இங்கே மெத்தைச் சுவரையும் பளபளக்கும் விளக்கையும் பார்த்து விருந்தாளி போல உட்கார்ந்திருந்தான். மூடிய பிரிவு அதிகாரி குனிந்து, தம்மால் முடிந்தவரை பயங்கரமாக முகத்தை வைத்துக் காட்டினார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தான். திறந்த பிரிவு அம்மாள், "நான் பாடினா நிச்சயம் அழுவான். எங்க வீட்டில எல்லாரும் அழறாங்க" என்று பாடினார். முதலாளி கை தட்டினான்.

"தள்ளுங்க" என்று தலைவர் முன்னால் வந்தார். "நான் பேசறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்புள்ள இரைச்சலே! இந்தக் கழகத்தோட பெருமை உனக்குத் தெரியாது. ஆரம்பிச்ச நாள்லேருந்து நாங்க ஒரு தப்பான முடிவுகூடச் சொன்னதில்லை. முடிவே சொல்லாததால அது முடிஞ்சதுன்னு பொறாமைக்காரங்க பேசறாங்க. பேசட்டும். எத்தனை பேரு இந்த வாசல்ல வந்து, எது நல்லது, எது நல்லதுன்னு கேட்டிருக்காங்க! அவங்கள்ல ஒருத்தராவது எங்க பதிலால ஏமாந்துபோனதா சொல்ல முடியுமா? எங்களுக்குக் காது ரொம்பக் கூர்மை. அதனாலதான் யார் சொல்றதையும் நாங்க கேட்டுக்கறதில்லை..."

முதலாளியின் கண் சொருகியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பஞ்சு அவனை இதற்கு முன் இவ்வளவு சீக்கிரம் தூங்கிப் பார்த்ததில்லை. இந்த மனிதரை வீட்டுக்குக் கூட்டிப் போக முடியுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள்.

"தூங்கினது தூங்கட்டும்" என்றார் தலைவர், புண்படாதவர் போல. "எழுந்தா அழுவான் இல்லையா? அதுவரைக்கும் கேட்டுக்கிட்டு இருப்போம். எல்லாரும் மாட்டுங்க."

யார் எதை மாட்டுவது என்பதில் ஒரு தகராறு கிளம்பியது. மூடிய பிரிவு அதிகாரி, "என்னோட ஹெட்ஃபோனுக்குப் பயிற்சியே இல்லாத ஒரு காது போதும். இந்த அம்மா மாட்டிக்கட்டும். அந்தச் சல்லடையோட லட்சணத்தை நானே மாட்டிப் பார்க்கறேன்" என்றார். திறந்த பிரிவு அம்மாள் தம் பிள்ளை போன்ற ஹெட்ஃபோனைத் தாமேதான் மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். தலைவருக்குக் காது வியர்த்தால் ஆகாது. அவரும் திறந்ததையே எடுத்துக்கொண்டார். ஆக, அதிகாரிகள் மூவருக்கும் திறந்த வகை, பஞ்சுவுக்கு மட்டும் மூடியது. பாரபட்சம் கூடாது என்று எல்லோர் கண்ணையும் கறுப்புத் துணியால் கட்டினார்கள். உதவியாளர்கள் வெளியேறினார்கள். ஓசை தொடங்கியது.

அம்மாளுக்குத் தம் ஹெட்ஃபோனின் அழகை அந்த மூடிய மனிதருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற வைராக்கியம். திறந்த வகை மூன்றுக்கும் ஒலியை ஏற்றும் குமிழ் அவர் கைக்கடியில் இருந்தது. கடைசி வரை திருகினார். கழகத்தின் மணிகள் அந்த மூவர் தலையிலும் கோட்டைக் கதவு போல மோதின.

பஞ்சு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். மூடிய கிண்ணங்களுக்குள் மணி மட்டுமே இருந்தது; அறை என்ற ஒன்று இருப்பதே தெரியவில்லை. பிள்ளை எழுந்துவிட்டானா, இல்லையா? ஒன்றும் தெரியாதது அவளுக்குப் பொறுக்கவில்லை. காலை நீட்டித் துழாவி, வண்டியின் சக்கரத்துக்கு மேலிருந்த கம்பியில் பாதத்தை வைத்துக்கொண்டாள். வண்டி லேசாக ஏறி இறங்கியது. தூங்குகிறான். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சற்றுப் பொறுத்து அந்தக் கம்பி துள்ளியது. ஓர் உதை, அடுத்து இன்னோர் உதை, பின்பு வண்டி முழுவதும் குலுங்கத் தொடங்கியது. பசி. அவள் கண்கட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள்.

முதலாளி முகம் சிவக்க, தொண்டை தெரிய அலறிக்கொண்டிருந்தான். அவள் காதில் அது துளியும் விழவில்லை; ஊமைப் படத்தில் பார்ப்பது போல இருந்தது. சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவன் பக்கத்திலேயே, கையெட்டும் தூரத்தில், அதிகாரிகள் மூவரும் தலையை மட்டும் மெல்ல ஆட்டியபடி எழாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பஞ்சு பிள்ளையைத் தூக்கி, திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவன் குடித்து முடித்து ஏப்பமும் விட்ட பிறகுதான் மணிகள் ஓய்ந்தன. மூவரும் கண்கட்டை அவிழ்த்தார்கள். முதலில் விளக்கைப் பார்த்தார்கள். பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்ற பஞ்சுவைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அழுதானா?" என்றார் தலைவர்.

"ஊரே கேட்கற மாதிரி அழுதான் சார்."

"எங்களுக்குக் கேக்கலையே!" தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "திறந்த வகை மாட்டின மூணு பேருக்கும் கேக்கலை. மூடின வகை மாட்டின ஒருத்தருக்கு உடனே கேட்டிருக்கு. உங்களுக்குப் புரியுதா? உலகம் இத்தனை நாளும் தலைகீழா நம்பிட்டிருந்திருக்கு. வெளி இரைச்சலைத் தடுக்கறது திறந்ததுதான்! மூடினது எல்லாத்தையும் உள்ள விடுது!"

பஞ்சு பதறிப்போனாள். அவள் வேலையே அந்த வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ இல்லைங்க சார்! எனக்கு ஒண்ணுமே கேக்கலை. என் கால் வண்டிமேல இருந்தது. அவன் உதைச்சது கால்ல தெரிஞ்சது. உங்களுக்கு சவுண்டு அதிகமா வச்சிருந்தாங்க, அதனாலதான் கேக்கலை. மூடினதுதான் சார் தடுக்குது!"

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார்.

"கால் எங்க துறையில வராதும்மா."

"சார், நான் என்ன சொல்றேன்னா..."

"காலுக்குத் தனி ஆபீஸ் இருக்கலாம். விசாரிச்சுப் பாருங்க."

மூடிய பிரிவு அதிகாரி அதற்குள் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார். தம்முடைய ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் உள்ளே விடுகிறதாமே! வாழ்நாள் முழுக்கக் காற்றோட்டம் இல்லை என்ற பேச்சைக் கேட்டு நொந்தவர் அவர். "எவ்வளவு விசாலம் பாருங்க என்னுது" என்று முதன்முறையாக உரக்கச் சொன்னார். அம்மாளும் சந்தோஷத்தில் கைகளை விரித்தார். எல்லோரும் குனிந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பஞ்சு செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். கணவன் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. திறந்ததை வாங்கித் தருவாங்க. டிரில் கேக்கும். நான் யாரோட கிட்னியையாவது மாத்தி எழுதப் போறேன்."

"மேனேஜர்கிட்ட எடுத்துச் சொல்லு."

சொன்னாள். மேனேஜர் அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, காது ஆபீஸைவிட உன் காது பெரிசா?" என்றார்.

பிறகு வந்த நாட்களில் பஞ்சு ஒவ்வொரு பதிவையும் பலமுறை கேட்டாள். டிரில் நின்ற இடைவெளிகளில் ஓடி ஓடித் தட்டச்சு செய்தாள். கணவன் தன் காலை வகுப்புகளையெல்லாம் மாலைக்குத் தள்ளி வைத்துவிட்டு முதலாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டான். "நீ கேளு. இவன் அழறதை நான் கேட்டுக்கறேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சல்லடையும் வேண்டாம், மூடியும் வேண்டாம்" என்றான். இதை அவன் கல்யாணமான புதிதில் பேசிய பேச்சுகளையெல்லாம்விட நல்ல பேச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெளியே சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

ஒரு நாள் கம்பெனியிலிருந்து பெட்டி வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'திறந்த வகை' என்று போட்டிருந்தது. பஞ்சு அதைப் பிரிக்கவே மனமில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரித்தாள். சல்லடையைத் தேடினாள். இல்லை. முதுகு கல் போல அடைத்திருந்தது. தோல் உறை. கனம்.

மாட்டிக்கொண்டாள். மாடி வீட்டு டிரில் சட்டென்று செத்துப்போனது.

கழற்றினாள், அலறியது. மாட்டினாள், செத்தது. உடனே மேனேஜருக்குப் போன் செய்தாள்.

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறே" என்றார் மேனேஜர் அம்மாள். "காது ஆபீஸ் முடிவு வெளியில வந்ததும் ஹெட்ஃபோன் பண்ற கம்பெனிக்காரங்கல்லாம் சண்டைக்குப் போயிட்டாங்க. நாங்க பண்ற மூடினதுதானே சத்தத்தைத் தடுக்குது, நீங்க எப்படி மாத்திச் சொல்லலாம்னு. தலைவர் என்ன சொன்னாராம் தெரியுமா? 'எங்க முடிவை மாத்த முடியாது. உங்க பொருளையும் மாத்தச் சொல்லிக் கஷ்டப்படுத்த மாட்டோம். பேரை மட்டும் மாத்திக்குங்க'ன்னாராம். இப்ப மூடினதுக்குப் பேரு திறந்த வகை. திறந்ததுக்குப் பேரு மூடின வகை. கடைக்காரங்க தலையைப் பிச்சுக்கறாங்க. உனக்கு என்ன, ரூல்ஸ்படிதான் வந்திருக்கு. வேலையைப் பாரு."

காது ஆபீஸில் பலகைகளை இடம் மாற்றி மாட்டினார்களாம். அதிகாரிகள் அவரவர் அறையிலேயே இருந்தார்களாம். அதே பொருளை, அதே சொற்களால், எதிர்ப்பெயரில் புகழ அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சிகூடத் தேவைப்படவில்லையாம்.

அந்த வாரம் பஞ்சு அனுப்பிய பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை. மேனேஜர் அம்மாள் அதை வாய்விட்டுச் சொன்னார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

ஒரு காலை, பஞ்சு காதை மூடிக்கொண்டு வேலையில் மூழ்கியிருந்தபோது வீட்டு போன் அடித்தது. அவள் திரும்பவில்லை. கணவன் முதலாளியை இடுப்பில் வைத்தபடி எடுத்தான். காது ஆபீஸ் தலைவர் தாமே பேசினார். கழகத்தின் பதில் பொதுமக்களுக்கு எப்படிப் பயன்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்பினாராம்.

"அம்மாவுக்குத் திருப்திதானே? திறந்த வகைதானே வந்தது?"

"பெட்டியில அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"பிரமாதம்! இப்ப அவங்க மாட்டியிருக்காங்களா? நீங்க கூப்பிட்டா அவங்களுக்குக் கேக்குதா?"

கணவன் மனைவியின் முதுகைப் பார்த்தான். அவள் விசைப்பலகையில் தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள்; யாரோ ஒரு டாக்டர் மென்றதையெல்லாம் எழுத்தாக்கிக்கொண்டிருந்தாள். "ஏம்மா" என்று கூப்பிட்டான். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டான். மாடியில் டிரில் அலறியது, முதலாளி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தான், அவள் அசையவில்லை.

"கேக்கலை சார்" என்றான் போனில். "ஆனா இதை வச்சு நீங்க ஒண்ணும் முடிவு பண்ணிடாதீங்க. நான் கூப்பிட்டா கல்யாணம் ஆன நாள்லேருந்தே அவளுக்குக் கேக்கறதில்லை."

மறுமுனையில் தலைவர் அவசரமாகச் சொன்னது அவன் காதில் விழுந்தது. யாரையோ பக்கத்தில் கூப்பிட்டு, "கல்யாணம்னு குறிச்சுக்குங்க. அதுவும் தடுக்குதாம். அடுத்த ஆராய்ச்சிக்கு ஆகும்" என்றார்.